இன்மையும் அறியாமையும்

மனிதனை நோக்கிக் கேட்கப்படும் வினாக்களுள் மிக எளியது, 'உன் பெயர் என்ன?' என்பதே. பேசத் தொடங்கிய குழந்தையும் இதற்கு விடை கூறும். ஆயினும், தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களிலும் பிற நாடுகளிலும் குடியேறி வாழும் நம்மவரிடம் இவ்வினா படிவ வடிவில் வந்து நிற்கும்போது, எளிதில் விடையிறுக்க இயலாத வினாவாகி விடுகின்றது. படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில் இட்ட பெயர். மற்றொன்றில் குடும்பப் பெயர். நம்மிடம் இருப்பதோ ஒரு பெயரும் அதன் முன் நிற்கும் ஓர் எழுத்தும். அவ்வெழுத்துத் தந்தையின் பெயரைக் குறிக்கும். சிலர்க்கு ஊரையும் சேர்த்துக் குறிக்கும். குடும்பம் முழுமைக்கும் வழிவழியாக வரும் பெயரை அது குறிப்பதில்லை.

பெங்களூரில் நமக்கு நன்கு அறிமுகமான குடும்பம் ஒன்று உண்டு. மூத்த மகளைப் பள்ளியில் சேர்த்தபோது, கணிப்பொறிப் படிவம் குடும்பப் பெயர் இன்றி அடுத்த பக்கத்திற்கு நகர மறுத்தது. தந்தையார் தம் பெயரை அக்கட்டத்தில் இட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து மகனுக்கு ஒரு சான்றிதழ் பெற நேர்ந்தபோது, வேறோர் அலுவலகத்தில் ஊர்ப்பெயரை எழுதுமாறு கூறினர், அவரும் எழுதினார். பின்னர் உடன்பிறந்தோர்க்குரிய கட்டணச் சலுகை ஒன்றுக்கு விண்ணப்பித்த வேளையில், கணிப்பொறி அவ்விருவரையும் உடன்பிறந்தோர் என ஏற்கவில்லை. குடும்பப் பெயர் வேறு. ஆகவே குடும்பமும் வேறு! பிள்ளைகள் இருவரும் எதிரே ஒரே முகச்சாயலோடு நின்றுகொண்டிருந்தனர். அலுவலர் நல்ல மனிதர். "எனக்குத் தெரிகிறது ஐயா, கணிப்பொறிக்குத் தெரியவில்லையே" என்று வருந்திக் கூறினார்.

கணிப்பொறிக்குத் 'தெரிவது' என்றால் என்ன? அதற்கு இவ்வாறு கற்பித்தவர் யார்? அவர் எங்கிருந்து இதனைக் கற்றார்? இவ்வினாக்களைத் தொழில்நுட்பத்தாருக்கே விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் சற்று ஆராய்ந்தால், இவை அறத்தைச் சார்ந்த வினாக்கள் என்பது புலனாகும். நம் பிள்ளைகளுள் பலர் இவ்வூரில் இத்தொழிலையே செய்து வாழ்வதால், இவை நம் வீட்டு வினாக்களும் ஆகும்.

பொருளும் பொருளும்

தமிழில் 'பொருள்' என்னும் சொல் கையால் தொடத்தக்க பண்டத்தையும் குறிக்கும், சொல்லின் கருத்தையும் குறிக்கும், செல்வத்தையும் குறிக்கும். நாம் இடம் நோக்கி வேறுபாட்டை உணர்ந்து கொள்கிறோம். கணிப்பொறி அவ்வாறு உணர்வதில்லை. அதற்கு எல்லாம் எழுத்துகளின் வரிசையே. வையவிரி வலையை 1989-ஆம் ஆண்டில் கருத்தளவில் முன்வைத்த டிம் பெர்னர்ஸ் லீ, 2001-ஆம் ஆண்டில் அறிஞர் இருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், வலையில் உள்ள செய்திகளின் பொருளையும் இயந்திரங்கள் கையாளுதல் வேண்டும் என்ற எண்ணத்தை விரித்துரைத்தார். அதனைச் 'செமாண்டிக் வெப்' என்பர். 'பொருளுணர் வலை' என நாம் கூறலாம்.

அவ்வலைக்கு ஒரு நிகண்டு வேண்டும். உலகில் எவ்வெவ் வகைப் பொருள்கள் உள்ளன, ஒன்றற்கொன்று என்ன உறவு, ஒவ்வொன்றும் எவ்வெப் பண்புகளை உடையது என்பவற்றை இயந்திரம் படிக்கும் வண்ணம் வரையறுத்து வைத்தல் வேண்டும். இவ்வரையறையை 'ஆன்டாலஜி' என்கின்றனர். உள்ளது எது என ஆராயும் மெய்ப்பொருளியற் கிளைக்கு மேலைநாட்டார் இட்ட பெயர் அது. கணிப்பொறியாளர் அதனைக் கடனாகப் பெற்றனர். நாம் இக்கட்டுரையில் 'பொருள்வகை நூல்' என்றே வழங்குவோம். இத்தகைய நூலை எழுதுவதற்கென்றே 'ஆவுல்' என்ற மொழி 2004-ஆம் ஆண்டில் வையவிரி வலைக் கூட்டமைப்பால் பரிந்துரைக்கப்பட்டது.

இம்முயற்சி நம்மவர்க்குப் புதியதன்று. திவாகர நிகண்டு தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் எனத் தொடங்கிப் பன்னிரண்டு தொகுதிகளாகச் சொல்லுலகை வகுத்தது. அதன் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. அதற்கும் முன்னரே தொல்காப்பியர் சொற்களை உயர்திணை, அஃறிணை எனப் பகுத்தார். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக அடுக்கிக் காட்டினார். உள்ளவற்றை வகுத்தறிய முனையும் வேட்கை மனித இனத்திற்குப் பொதுவானது.

இருப்பதைக் கண்டு இலக்கணம் கூறுதல்

பொருள்வகை நூலைப் புதிதாக எழுதுவது பெருமுயற்சி. ஒரு துறையை அறிந்த அறிஞர் பலர் கூடி, மாதக்கணக்கில் வாதிட்டு எழுத வேண்டும். ஆகவே எளிய வழி ஒன்றை நாடினர். உலகெங்கும் ஏற்கெனவே இயங்கும் வலைத்தளங்கள் எண்ணிறந்தன. மருத்துவமனைக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. ஒவ்வொன்றின் உள்ளேயும் அட்டவணைகள் இருக்கின்றன. அந்த அட்டவணைகளை அமைத்தவன் தன் துறையைப் பற்றித் தான் கொண்ட கருத்தை அவற்றில் பதித்து வைத்துள்ளான். அதனைப் பிரித்துப் பார்த்து, அவன் எண்ணத்தை மீட்டு எடுத்தால், நூல் பாதி எழுதியதாகும் அன்றோ? கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்து, அதைச் செய்தவன் வரைந்த படத்தை ஊகித்தறிவது போன்ற செயல் இது. 'ரிவர்ஸ் என்ஜினியரிங்' என்று தொழிலில் இதற்குப் பெயர்.

செய்முறையும் கடினமன்று. 'மாணவர்' என்ற அட்டவணை இருப்பின், மாணவர் என்பது ஒரு வகை. அதில் 'பிறந்த நாள்' என்ற பத்தி இருப்பின், அது அவ்வகையின் பண்பு. மாணவர் அட்டவணையில் உள்ள ஓர் எண் 'பள்ளி' அட்டவணையைச் சுட்டுமாயின், மாணவர்க்கும் பள்ளிக்கும் உறவு உண்டு. ஒரு வரி என்பது ஓர் ஆள். எந்தக் கட்டத்தை வெறுமையாக விட முடியாதோ, அப்பண்பு அவ்வகையினர் யாவர்க்கும் இன்றியமையாதது. எந்தக் கட்டத்தில் ஒன்றே எழுத முடியுமோ, அப்பண்பு ஒருவர்க்கு ஒன்றே. அட்டவணைகளைப் பொருளுணர் வலையின் மொழிக்கு மாற்றும் முறைகள் 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் வலைக் கூட்டமைப்பின் பரிந்துரைகளாகவே வெளிவந்தன.

இதன் பயனைக் குறைத்துக் கூற இயலாது. விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் ஓரத்தில் காணப்படும் தகவற் பெட்டிகளைக் கொண்டே 'டிபிபீடியா' என்னும் பெருந்தொகுப்பு 2007-ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. அங்கும் ஒரு படிப்பினை கிட்டியது. பிறந்த இடம் என்ற ஒரே செய்தியை வெவ்வேறு கட்டுரையாளர் வெவ்வேறு பெயரிட்டு எழுதியிருந்தனர். அவையெல்லாம் ஒன்றே என்று இயந்திரம் அறியவில்லை. மனிதர் அமர்ந்து, எது எதனோடு ஒக்கும் என்று கைப்பட எழுதி வைக்க நேர்ந்தது. இருப்பதைத் திரட்டும் வேலை இயந்திரத்தால் முடிந்தது. அதன் கருத்தைத் தெளியும் வேலை மனிதர்க்கே எஞ்சியது.

இலக்கியம் கண்ட பின்னரே இலக்கணம் என்பது நம் மரபு. தொல்காப்பியர் உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஆராய்ந்தே நூல் செய்தார் எனப் பாயிரம் பாடிய பனம்பாரனார் உரைக்கின்றார். ஆகவே இருப்பதிலிருந்து விதியைக் காணும் முறையை நாம் குறை கூறுவதற்கில்லை. குறை, எதனை 'இருப்பது' என்று எடுத்துக் கொள்கிறோம் என்பதில் பிறக்கின்றது. தொல்காப்பியர் ஆராய்ந்தது மக்கள் பேசிய பேச்சு. அட்டவணையை ஆராய்பவன் காண்பது மக்களின் பேச்சன்று. மக்களிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர்கள் அளித்த விடை. கேள்வி கோணலாயின், விடையும் கோணும்.

சீர்காழியாரின் பெயர்

இவ்விடத்தில், இதே பெங்களூரில் வாழ்ந்து மறைந்த தமிழர் ஒருவரை நினைவுகூர்தல் தகும். நூலகத் துறையின் தந்தை என இந்நாடு போற்றும் எஸ். ஆர். ரங்கநாதன் 1892-ஆம் ஆண்டில் சீர்காழியில் பிறந்தவர். கணக்காசிரியராக இருந்த அவர் 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, கடை ஒன்றில் 'மெக்கானோ' என்னும் விளையாட்டுப் பொறியைக் கண்டார். அதே துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டி வெவ்வேறு பொம்மைகளை ஆக்குவதைக் கண்ட அவர் உள்ளத்தில் ஒரு கருத்து உதித்தது. நூல்களுக்கு முன்னதாகவே புறாக்கூடுகளைப் போல இடம் வகுத்து வைத்தல் வேண்டா. சிறு துண்டுகளை வைத்துக்கொண்டு, நூல் வரும்போது அதற்கேற்பப் பூட்டிக்கொள்ளலாம் என்பதே அது. அதன் விளைவாக 1933-ஆம் ஆண்டில் கோலன் பகுப்புமுறை நூலாக வெளிவந்தது.

எந்தப் பொருளையும் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களில் நோக்கலாம் என்று அவர் கூறினார். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்ட அகத்திணை மரபில் வந்த நமக்கு இவ்வைந்தனுள் இறுதி இரண்டும் அந்நியமாகத் தோன்றா. மற்றொரு பகுப்பையும் அவர் வற்புறுத்தினார். பகுப்பாளன் வேலை கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம் என மூன்று தளங்களில் நிகழ்வது. முதலில் கருத்தைத் தெளிக, பின்னர்ச் சொல்லை, அதன் பின்னரே குறியீட்டைத் தேடுக என்பது அவர் நெறி. புதிதாகத் தோன்றும் பொருளுக்கும் இடம் தரும் ஆற்றல் குறியீட்டுக்கு இருத்தல் வேண்டும் என்றும் அவர் விதித்தார். அவ்வாற்றலை அவர் 'விருந்தோம்பல்' என்று பொருள்படும் சொல்லாலேயே குறித்தார். எண்களைப் பற்றிப் பேசும் நூலில் விருந்தோம்பல் என்னும் சொல் வருவது தமிழர்க்கு வியப்பன்று.

1957-ஆம் ஆண்டில் பெங்களூரில் குடியமர்ந்த ரங்கநாதன், 1962-ஆம் ஆண்டில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணவியல் ஆராய்ச்சி பயிற்சி மையத்தை இங்கே நிறுவினார். பொருள்வகை நூல்களைப் பற்றிய ஆராய்ச்சி இன்று அங்கேயே நடைபெறுகின்றது. முகங்களாகப் பகுத்து நோக்கும் அவர் முறை, இயந்திரங்களுக்கான பொருள்வகை நூல்களை அமைப்போர்க்கும் வழிகாட்டுகின்றது. 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் அவர் இந்நகரில் மறைந்தார். அட்டவணைகளை மாற்றும் முறைகள் பரிந்துரைக்கப்பட்ட நாளும் அதே செப்டம்பர் 27. சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து. தற்செயல்தான்; எனினும் நம் சிந்தனைக்கு ஒரு வாயில்.

ரிவர்ஸ் என்ஜினியரிங் முறை அவர் வகுத்த மூன்று தளங்களையும் தலைகீழாக ஏறுவது. குறியீட்டிலிருந்து சொல்லுக்கும் சொல்லிலிருந்து கருத்துக்கும் செல்வது. ஏறிச் செல்வதில் தவறில்லை. ஏறாமலே, குறியீட்டையே கருத்தென்று கொள்வதில்தான் தவறு இருக்கின்றது.

இதற்கு அவர் பெயரே சான்று. சீர்காழி என்பதன் ஆங்கிலத் திரிபாகிய 'ஷியாலி' அவர் ஊர். 'ராமாமிர்த' என்பது தந்தை பெயர். ரங்கநாதன் என்பது அவருக்கு இட்ட பெயர். ஊர், தந்தை, தான் என மூன்றும் ஒரு பெயரில் அடங்கின. இடுபெயர் முதலில், குடும்பப் பெயர் இறுதியில் என்று கருதி அமைந்த ஓர் அட்டவணையில் இப்பெயரை இட்டால் நிகழ்வது என்ன? ஊரின் பெயர் அவருடைய இடுபெயராகும். அவருக்கே உரிய பெயர் குடும்பத்தின் பெயராகும். இயந்திரம் அவருடைய தந்தையாரை வேறு குடும்பத்தவர் என்று பிரித்து வைக்கும். உலகிலுள்ள நூல்களுக்கெல்லாம் உரிய இடம் தேடித் தந்தவருக்கு ஒரு படிவத்தில் உரிய இடமில்லை.

இரு வகைப் பிழைகள்

இப்போது நம் வினாவின் நடுவிடத்திற்கு வருகின்றோம். வெற்றுக் கட்டம் ஒன்று எதனைக் கூறுகின்றது?

அட்டவணை உலகில் இதற்கு ஒரு விடை உண்டு. எழுதப்படாதது இல்லை என்பதே அவ்விடை. 1978-ஆம் ஆண்டில் ரேமண்ட் ரைட்டர் என்னும் அறிஞர் இக்கொள்கைக்குத் தருக்க வடிவம் தந்தார். 'மூடிய உலகக் கொள்கை' என அது வழங்குகின்றது. பொருளுணர் வலையோ இதற்கு மாறான கொள்கை உடையது. எழுதப்படாதது இல்லை எனக் கூற இயலாது. நமக்குத் தெரியவில்லை என்றே கூறலாம். இது 'திறந்த உலகக் கொள்கை'.

மூடிய உலகம் தீயது, திறந்த உலகம் நல்லது என்று அவசரப்பட்டு முடிவு கூறலாகாது. சென்னைக்குச் செல்லும் இரயிலில் நாம் இடம் பதிவு செய்யும்போது, பட்டியலில் ஓர் இருக்கைக்கு எதிரே எவர் பெயரும் இல்லையாயின், அவ்விருக்கையில் எவரும் இல்லை என்று இரயில்வே துணிந்து கூற வேண்டும். 'யாரேனும் இருக்கலாம், நாம் அறியோம்' என்று கூறினால், ஒரு சீட்டும் விற்க முடியாது. அங்கே மூடிய உலகமே அறம். ஏனெனில் இரயிலையும் இருக்கைகளையும் ஆக்கியவர் நாம். நாம் ஆக்கியவற்றின் எல்லையை நாம் முழுதும் அறிவோம். மனிதனையோ, அவன் மொழியையோ, அவன் உறவையோ அட்டவணை செய்தவன் ஆக்கவில்லை. தான் ஆக்காத ஒன்றைப் பற்றி, 'என் ஏட்டில் இல்லாதது அதனிடமும் இல்லை' என்று கூற அவனுக்கு உரிமை ஏது?

திறந்த உலகக் கொள்கையை மேற்கொண்டால் மட்டும் போதுமா எனின், போதாது. அதிலும் ஒரு படுகுழி உண்டு. ஒவ்வொரு மனிதனுக்கும் குறைந்தது ஒரு குடும்பப் பெயரேனும் உண்டு என்று பழைய படிவத்திலிருந்து விதி எடுத்தாயிற்று எனக் கொள்வோம். குடும்பப் பெயர் இல்லாத ஒருவர் வருகின்றார். திறந்த உலகில் வாழும் இயந்திரம் என்ன முடிவு செய்யும்? 'இவருக்குக் குடும்பப் பெயர் உண்டு. அது நமக்குத் தெரியவில்லை' என்று முடிவு செய்யும். இல்லாததை இல்லை எனக் கூறாமல், தெரியாதது எனக் கூறும். ஒற்றைப் பெயரோடு அமெரிக்கா சென்ற நம்மவர் பலர் இதனை அனுபவத்தில் அறிவர். கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருப்பின், விசாவில் அப்பெயர் குடும்பப் பெயராக நிற்கும். இடுபெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்னும் மூன்று எழுத்துகள் தோன்றும். முதற்பெயர் அறியப்படவில்லை என்பது அதன் விரிவு. தாய் தந்தையர் பெயரிட்டு அழைத்த ஒருவர், பெயர் அறியப்படாதவராகக் கடல் கடக்கின்றார்.

ஆகவே பிழைகள் இரண்டு. அறியாமையை இன்மை என்று கொள்வது ஒன்று. இன்மையை அறியாமை என்று கொள்வது மற்றொன்று. முதற்பிழை ஒருவனிடம் இருப்பதைப் பறிக்கின்றது. இரண்டாம் பிழை அவனிடம் இல்லாததை அவன்மேல் சுமத்துகின்றது. வெற்றுக் கட்டம் இவற்றுள் எதனைக் குறிக்கின்றது என்பது அட்டவணையை எவ்வளவு நுணுகி ஆராய்ந்தாலும் புலப்படாது. அக்கட்டத்தின் முன் அமர்ந்து எழுதுகோலை நிறுத்திய மனிதனைக் கேட்டால்தான் புலப்படும்.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. கட்டம் வெறுமையாக இராது; அதில் ஒரு புள்ளி இருக்கும். அல்லது அதே பெயர் இருமுறை எழுதப்பட்டிருக்கும். விடாப்பிடியான படிவத்தைக் கடந்து செல்ல நம்மவர் கண்ட வழிகள் இவை. பழைய அட்டவணையிலிருந்து பொருள்வகை நூல் செய்பவர் இவற்றைக் குப்பை என்று கருதி முதலிலேயே துடைத்து விடுவர். நம் இலக்கணத்தாரோ வழக்கில் மாறுபாடு கண்டபோது உடனே தள்ளவில்லை. வழு என்றும் வழாநிலை என்றும் இரண்டாக மட்டும் பிரிக்காது, காரணம் கருதி ஏற்கத்தக்க வழுவை 'வழுவமைதி' என வகுத்தனர். ஆயிரம் வரிகளில் ஆயிரம் புள்ளிகள் காணப்படுமாயின், அவை ஆயிரம் பேரின் கவனக்குறைவு ஆகா. 'உம் வினா எமக்குப் பொருந்தவில்லை' என்று அவர்கள் கூறிய விடை அது. அப்புள்ளிகளைத் துடைப்பவர் தரவைத் தூய்மை செய்வதாக எண்ணுகின்றார். உண்மையில் சாட்சியை அழிக்கின்றார்.

ஒன்றே எழுதுக என்னும் கட்டம்

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்குப் படைவீடு அமைத்த காலம் முதலாகத் தமிழர் பலர் பெங்களூருக்கு வந்து வாழ்கின்றனர். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறைகள் பல கடந்துவிட்டன. அங்குப் பிறந்த குழந்தை தாயிடம் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்கின்றது. தாய் தமிழராகவும் தந்தை கன்னடராகவும் உள்ள இல்லங்களும் உண்டு. படிவத்தில் 'தாய்மொழி' என்ற கட்டம் ஒன்று; அதில் எழுதக்கூடியது ஒன்றே.

இதிலிருந்து 'ஒருவர்க்குத் தாய்மொழி ஒன்றே' என்ற விதியை எடுத்து ஆவுல் மொழியில் எழுதினால் விளைவது நகைப்பிற்கிடமானது. ஒரு குழந்தைக்குத் தமிழும் கன்னடமும் தாய்மொழிகள் என்று இரு வேறு ஏடுகள் கூறினால், இயந்திரம் தருக்க முறைப்படி தமிழும் கன்னடமும் ஒரே மொழி என்று முடிவு கட்டும். இம்முடிவைத் தமிழரும் ஏலார், கன்னடரும் ஏலார். இரண்டும் வேறு மொழிகள் என்று தனியே எழுதி வைத்தாலோ, நூலில் முரண் உள்ளது என்று அறிவிக்கும். முரண் எனப்படுவது வேறெதுவும் அன்று, இரு மொழியும் அறிந்த அக்குழந்தைதான்!

வகுப்பவர் செய்யும் முடிவுகள் சிறியனவல்ல. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழி எனக் கூறிய பெயர்கள் 19,569. அவற்றை ஆராய்ந்து 1,369 தாய்மொழிகளாக ஒழுங்கு செய்தனர். 1,474 பெயர்களை 'ஏனைய' என்ற தலைப்பில் அடக்கினர். பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகளாக இறுதியில் எஞ்சியவை 121. போஜ்புரி பேசுவோர் ஐந்து கோடிக்கு மேற்பட்டவராயினும் அவர்கள் இந்தி என்னும் தலைப்பின் கீழ் நிற்கின்றனர். இவ்வொழுங்கு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பத்தொன்பதாயிரம் பெயர்களைக் கொண்டு எந்த அரசும் பள்ளி நடத்த இயலாது. ஆயினும், இறுதி அட்டவணையை மட்டும் கண்டு ஒருவர் 'இந்நாட்டில் மொழிகள் 121' என்று விதி எழுதுவாராயின், ஆட்சியின் வசதிக்காகச் செய்த முடிவை இயற்கையின் உண்மையாக்கியவர் ஆவார். ஓர் எண் எவர் கையால், எக்காரணம் பற்றித் தோன்றியது என்ற வரலாறும் அதனோடு சேர்ந்தே செல்லுதல் வேண்டும்.

புறனடை என்னும் பண்பாடு

இதற்கு மருந்து நம் இலக்கண மரபிலேயே இருக்கின்றது. தொல்காப்பியத்தில் இயல்கள் சிலவற்றின் இறுதியில் ஒரு நூற்பா நிற்கும். இங்குக் கூறப்படாதவற்றையும் வழக்கை நோக்கி ஏற்றுக்கொள்க என்னும் கருத்துடையது அது. உரையாசிரியர் அதனைப் 'புறனடை' என்பர். நன்னூலாரும் சொல்லதிகாரத்தை முடிக்கையில், காலப்போக்கில் பழையவை மறைவதும் புதியவை சேர்வதும் பிழையன்று என்று கூறியே முடிக்கின்றார். எத்துணை முயன்றாலும் தம் நூலுக்கு வெளியே மொழி விரிந்து கிடக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அறிந்ததை நூலுக்குள்ளேயே எழுதியும் வைத்தனர்.

பொருள்வகை நூல் செய்வோர்க்கும் இப்பண்பாடு வேண்டும். பழைய தளத்தின் அட்டவணையைப் பிரித்து ஆராயட்டும். கிடைத்ததை முடிந்த முடிபாகக் கொள்ளாது, ஒரு கருத்தாகக் கொள்ளட்டும். எந்த விதி உலகத்தின் இயல்பிலிருந்து வந்தது, எந்த விதி படிவம் அமைத்தவனின் வசதியிலிருந்து வந்தது என்று பிரித்து எழுதட்டும். 'இல்லை', 'தெரியாது', 'கூற விரும்பவில்லை', 'இவ்வினா எமக்குப் பொருந்தாது' என்னும் நான்கையும் நான்கு விடைகளாக ஏற்கட்டும். இதற்கெல்லாம் நேரமும் பொருளும் செலவாகும் என்பர். உண்மையே. ஆயினும் அச்செலவை அவர்கள் ஏற்காவிடில், அது படிவத்தின் முன் நிற்கும் குடும்பத்தின் தலையில் விழுகின்றது. அலுவலகம் அலுவலகமாக அலைந்து, தம் பிள்ளைகள் தம் பிள்ளைகளே என்று மெய்ப்பிக்கும் செலவு அது.

நம் ஏட்டில் ஒரு கட்டம்

பிறரைக் குற்றம் கூறி இக்கட்டுரையை முடிப்பது நேர்மையன்று. தமிழ் அன்பர் குழு ஒன்றில் உறுப்பினர் ஏட்டைப் பார்த்துக்கொள்ளும் பணி நம்மிடம் சில காலம் இருந்தது. அதன் படிவத்தில் பெயருக்கு ஒரே கட்டம்தான், முன்னெழுத்தோடு எழுதலாம். அதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அதற்கடுத்து 'சொந்த ஊர்' என்றொரு கட்டம் இருந்தது. கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் அதில் 'பெங்களூர்' என்று எழுதிக் கொடுத்தார். நாம் புன்னகையோடு அதனை அடித்துவிட்டு, அவருடைய பாட்டனாரின் ஊராகிய திருப்பத்தூரை எழுதினோம். திருத்தம் செய்துவிட்டதாகவே எண்ணினோம்.

அவ்விளைஞர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்னர், "ஐயா, தாத்தா ஊருக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அங்கே என்னைப் பெங்களூர்ப் பையன் என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கேயும் அடித்துவிட்டால் நான் எங்கே எழுதுவது?" என்று பணிவோடு கேட்டார்.

நம்மிடம் விடை இல்லை. குடும்பப் பெயர் கேட்ட படிவத்தின் மீது நாம் கொண்ட சினம் எத்தகையதோ, அத்தகைய சினத்திற்கு நாமே உரியவர் ஆனோம். நம் படிவத்தை அமைத்தவர்கள் முதல் தலைமுறையினர். அவர்களுக்குச் சொந்த ஊர் என்பது விட்டு வந்த ஊர். அப்பொருளை ஏட்டில் பதித்துவிட்டுச் சென்றனர். நாம் அவ்வேட்டைக் கண்டே, தமிழர் என்போர்க்குச் சொந்த ஊர் தமிழகத்தில்தான் இருக்கும் என்று விதி செய்துகொண்டோம். எவரையும் கேட்கவில்லை. எந்த இயந்திரமும் நமக்கு அவ்வாறு கற்பிக்கவில்லை.

அடுத்த ஆண்டு படிவத்தை மாற்றினோம். 'முன்னோர் ஊர்' என்று ஒரு கட்டமும், 'உம் ஊர்' என்று ஒரு கட்டமும் வைத்தோம். அவற்றின் கீழே சிறிது இடம் விட்டு, 'மேலே கேட்கப்படாதது ஏதேனும் இருப்பின் எழுதுக' என்று ஒரு வரியும் சேர்த்தோம். பலர் அவ்விடத்தை வெறுமையாகவே விடுகின்றனர். அந்த வெறுமைக்கு என்ன பொருள் என்று நாமாக ஊகிப்பதில்லை. நேரில் காணும்போது கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

மென்பொருள் நிறுவனங்களில் அமர்ந்து உலகத்தின் அட்டவணைகளை வகுக்கும் நம் பிள்ளைகளிடம் பெரியோர் கூறத்தக்கது இதுவே. பழையதைப் பிரித்துப் பாருங்கள், அதிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வெற்றுக் கட்டம் ஒன்றைக் கண்டால், அதை நிரப்புவதற்கும் துடைப்பதற்கும் முன்னர், அதன் முன் அமர்ந்திருந்தவர் யாரென்று கேளுங்கள். அவர் உங்கள் தந்தையாகவும் இருக்கலாம்.